வெளிறிப்போன பழைய காரின் பெயிண்ட், சக்கரம், கறுப்பு பிளாஸ்டிக்: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது: "12 வருடப் பழைய சிறிய கார். பெயிண்ட் மங்கிவிட்டது, ரிம்மில் துரு, கறுப்பு பம்பர் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கடையில் விடாமல் நானே செய்ய முடியுமா? எந்த பாலிஷ் வாங்கலாம்?"

முடியும், நான் செய்திருக்கிறேன். பாலிஷ் எது என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். வண்டியின் மேல் எவ்வளவு பெயிண்ட் இருக்கிறது என்பது தெரிந்த பிறகுதான் அதைத் தேய்க்கக் கை வைக்க வேண்டும்.

எங்கள் வண்டி மாருதி 800, சிவப்பு. அப்பா 2005இல் வாங்கியது. வீடு தூத்துக்குடியில், உப்புக்காற்று ஒருபுறம், ஷெட் இல்லாததால் வெயில் மறுபுறம். பத்து வருடத்தில் பானெட்டும் கூரையும் செங்கல் பொடி தூவியதுபோல் ஆகிவிட்டன. அந்த மாடலின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. இனிப் புதிதாக வாங்க முடியாத வண்டி என்பதால் அதன் மேல் பற்று கூடிப்போய், ஒரு பாலிஷ் கடையில் விட்டோம். சுழலும் மெஷினை அழுத்திப் பிடித்து ஒரே மணி நேரத்தில் கண்ணாடிபோல் ஆக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பானெட்டின் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. சிவப்பு தீர்ந்து, அடியில் இருந்த பிரைமர் என்ற அடிப்பூச்சு வெளியே வந்திருந்தது.

பெரும்பாலான சிறிய கார்களில் பிரைமர் முதல் மேல்பூச்சு வரை எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 மைக்ரான்தான். ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் அவ்வளவுதான் இருக்கும். அதிலும் மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு பாதிக்கும் குறைவு. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் இன்னும் மெல்லியது. மெஷினின் அழுத்தமும் சூடும் சேருவதும் அங்கேதான். ஒவ்வொரு பாலிஷும் அந்தத் தாளில் கொஞ்சத்தைத் தின்கிறது. போனது திரும்ப வராது. அதனால் பாலிஷை எவ்வளவு குறைவாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் பளபளப்பு எங்கிருந்து வரும்? முக்கால்வாசி, ஒழுங்காகக் கழுவுவதிலிருந்தே வரும். காய்ந்த துணியால் தூசி தட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகத் தெரியும் கோடுகள் எல்லாம் அந்தத் தூசித் துணி போட்டவை. மாலை வெயில் இறங்கி, பானெட் கைக்குக் குளிர்ந்த பிறகு ஆரம்பியுங்கள். முதலில் வெறும் தண்ணீரால் மணலை இறக்கிவிட வேண்டும். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். சக்கரத்துக்குத் தனி வாளி, தனி துணி. பாத்திரம் கழுவும் சோப்பு, பெயிண்டைக் காக்கப் பூசி வைத்த வாக்ஸையும் (மெழுகு) சேர்த்துக் கழுவிவிடும், வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி இரண்டு வாளி நல்ல தண்ணீராக இருக்கட்டும். உடனே துடைத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டமாக உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒற்றி எடுத்து, உடனே அலசிவிடுங்கள். பறவை எச்சத்தை மட்டும் நாளைக்கு என்று விடாதீர்கள். அதிலுள்ள அமிலம், வெயிலில் இளகிய பெயிண்டில் குழி பறித்துவிடும். ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டக் கூடாது.

கழுவித் துடைத்த பிறகு ஒரு மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை நுழைத்துக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் இப்போது உப்புத்தாள்போல் சொரசொரக்கும். கழுவினாலும் போகாமல் ஒட்டியிருக்கும் அழுக்கு அது. இதற்குக் கிளே பார் என்ற களிமண் கட்டி கிடைக்கிறது. ஷாம்பு தண்ணீரைத் தெளித்து, அழுத்தாமல் அதை ஓட்டினால் அழுக்கெல்லாம் கட்டியில் ஏறிவிடும். கட்டி தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு மணல் துணுக்கு போதும், கதவு முழுக்கக் கீறல் விழ.

இதற்குப் பிறகும் மங்கலாக இருந்தால்தான் பாலிஷ். இரண்டு சாண் சதுரத்தில் மட்டும், மென்மையான பாலிஷை வெள்ளைப் பனியன் துணியில் எடுத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள். நான் அப்படித் தேய்த்தபோது துணி குங்குமம் கொட்டியதுபோல் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அப்பா, "பெயிண்ட் எல்லாம் துணிக்கு வந்துவிட்டதே, நிறுத்துப்பா" என்று கையைப் பிடித்துவிட்டார். துணியில் நிறம் ஏறினால் உங்கள் வண்டியில் கிளியர் கோட் இல்லை, நிறமே மேல்பூச்சு என்று பொருள். வந்தது வெயிலில் செத்துப் பொடியான மேல்தோல். அதைத் துடைத்துவிட்டு அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். ஷோரூமிலிருந்து எடுத்துவந்த நாளின் சிவப்பு அந்தச் சதுரத்துக்குள் மட்டும் இருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துணியில் நிறம் வராவிட்டால் கிளியர் கோட் இருக்கிறது. அதில் வெயிலைத் தாங்கும் வேதிப்பொருளும் கலந்திருப்பதால் இன்னும் நிதானமாகத் தேய்க்க வேண்டும். அது பாம்புச் சட்டைபோல் உரிந்து வெள்ளைத் திட்டாகியிருந்தால் எந்த பாலிஷும் உதவாது. அந்தப் பகுதிக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பதே வழி. மெஷின் வாங்குவதானால் வெறுமனே சுழல்வதை விட்டுவிட்டு, சுழன்றபடியே தள்ளாடும் வகையை வாங்குங்கள். பழகாத கைக்கும் பெயிண்ட்டை எளிதில் எரிக்காது. விளிம்புகளுக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கின் ஓரங்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முடிந்ததும் வாக்ஸ் மெல்லிசாக ஒரு கை. எங்கள் வெயிலில் அது இரண்டு மாதம் தாங்குகிறது. தீர்ந்ததும் மறுபடி பூசுகிறேன்.

சக்கரத்துக்கு வருவோம். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சீக்கிரம் கறுப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலான சிறிய கார்களில் முன்னால் திறந்த டிஸ்க் பிரேக், பின்னால் மூடிய டிரம் பிரேக். டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் சூட்டோடு ரிம்மில் போய் ஒட்டுகிறது. இதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்தால் இரும்பைத் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். நாற்றம் அதிகம், திறந்த வெளியில் செய்யுங்கள். துருப்பிடித்த இரும்பு ரிம்மானால் சக்கரத்தைக் கழற்றி, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, 120, பிறகு 320 எண் உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளி ஸ்பிரே அடிக்கலாம். ஆனால் நட் உட்காரும் குழியிலும், ரிம் ஹப்போடு (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) ஒட்டும் பின்முகத்திலும் பெயிண்ட் படவே கூடாது. அங்கே பெயிண்ட் இருந்தால் நாளடைவில் நசுங்கி நட் தளர்ந்துவிடும். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. டயருக்குப் பூசும் பாலிஷ், தரையைத் தொடும் பட்டையில் படக்கூடாது என்பதும் அப்படித்தான்.

பம்பரின் சாம்பல் நிறத்துக்கு எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் டீசல் துடைப்பார்கள், வீடுகளில் தேங்காய் எண்ணெய். ஒரு வாரம் கறுப்பாக இருக்கும், பிறகு தூசியை வாரி அப்பிக்கொள்ளும். டீசல் பக்கத்திலிருக்கும் ரப்பர் பீடிங்கையும் (ஓரத்து ரப்பர் பட்டை) ஊதவைக்கும். ஷாம்புவும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு துளைகளிலுள்ள அழுக்கை எடுத்து, நன்றாகக் காயவைத்து, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பூச்சைத் தடவுங்கள். வாக்ஸ் பட்டு வெள்ளையாகிப்போன ஓரங்களைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அழித்தே எடுத்திருக்கிறேன்.

கடைசியாக, ஐப்பசி மழைக்கு முன் ஒரு வேலை. கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பைக் குனிந்து பாருங்கள். சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவது அவற்றின் வழியாகத்தான். மண் அடைத்திருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். எங்கள் வண்டியில் ஓட்டுநர் பக்கக் கதவிலிருந்து அரை டம்ளர் செந்தண்ணீர் வழிந்தது. அது பெயிண்டின் சிவப்பல்ல, உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்த துரு.