நுரைக்கும் சேர்த்துத்தான் காசு: செக் பில்ஸ்னர் கேள்வி பதில்

செக் பாணி பில்ஸ்னர் பியரை எப்படி ஊற்றுவது, எப்படி ருசி பார்ப்பது, எங்கே கெடுகிறது என்பவற்றுக்கு மட்டும் இங்கே பதில். எந்த ஊரில் மலிவு, எது உடம்புக்கு நல்லது போன்றவை என் துறை இல்லை. கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை: கிளாஸை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். இங்கே வரும் புகாரில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: சாதாரண லாகருக்கும் இதற்கும் நாக்கில் என்ன வித்தியாசம்? எனக்கு ரெண்டும் மஞ்சள் தண்ணிதான்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் லாகர்களில் பெரும்பாலும் அரிசியோ மக்காச்சோளமோ சேர்ந்திருக்கும். உடம்பு மெலிந்திருக்கும், கசப்பு பெயருக்கு இருக்கும். செக் பில்ஸ்னர் முழுக்க பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. கசப்பு அளவு 30 முதல் 45 ஐபியூ வரை (ஐபியூ என்பது பியரின் கசப்பை அளக்கும் அலகு). அவ்வளவு கசப்பைத் தாங்குவதற்காகவே கொஞ்சம் இனிப்பைப் புளிக்காமல் மிச்சம் விட்டிருப்பார்கள்.

குடிக்கும்போது வரிசையைக் கவனியுங்கள். ஊற்றியதும் முதல் முப்பது விநாடி மூக்குக்கு. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸ், அதிலும் செக் நாட்டு ஜாதெட்ஸ் ஊர் ஹாப்ஸின் வாசனை அப்போதுதான் எழும். காய்ந்த புல், கொஞ்சம் பூ, லேசாக மிளகு. எலுமிச்சை, மாம்பழமெல்லாம் மணந்தால் அது வேறு ஹாப்ஸ். பிறகு ஒரு நல்ல வாய் குடியுங்கள். ஒயின் மாதிரி சொட்டுச் சொட்டாகச் சப்பினால் இதில் ஒன்றும் தெரியாது. முதலில் ரொட்டி மேல்தோலின் சுவை, நடுவில் கசப்பு ஏறும், விழுங்கிய பிறகு கசப்பு நீண்டு நின்று மெதுவாக அடங்கும். தொண்டையைச் சுரண்டக் கூடாது. அடங்கியதும் அடுத்த வாய்க்குக் கை போனால் நல்ல பியர்.

ஜெர்மன் பில்ஸ் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அது இன்னும் வெளிறியிருக்கும், உலர்ந்து சட்டென்று முடியும். செக்குடையது வட்டமாக முடியும்.

கேள்வி: பிராகில் படிக்கிறேன். மெனுவில் 10, 11, 12 என்று போட்டிருக்கிறார்கள். 12 சதவீத ஆல்கஹாலா? பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். அது புளிக்கவைப்பதற்கு முன் வோர்ட்டில், அதாவது மால்ட் ஊறிய இனிப்பு நீரில், இருந்த கரைந்த சத்தின் அளவு. 100 கிராம் வோர்ட்டில் 12 கிராம் சத்து இருந்தால் 12 டிகிரி. பிராகில் வேலை பார்த்த வேதியியலாளர் கார்ல் பாலிங் வகுத்த அளவு இது. 12 டிகிரி என்றால் அடர்த்தி 1.048. புளித்து 1.014இல் நின்றால், வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 4.45 சதவீதம். பில்சன் ஊரின் பில்ஸ்னர் உர்குவெல் பியர் அந்த அளவுதான். 10 டிகிரி 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதை வீசெப்னீ என்பார்கள். 11, 12 இரண்டும் லெஜாக்.

அங்கே போய் எல்லா மஞ்சள் பியரையும் பில்ஸ்னர் என்று சொல்லாதீர்கள். செக்காரர்களுக்கு அந்தப் பெயர் பில்சன் ஊரில் காய்ச்சியதற்கு மட்டும். மற்றதெல்லாம் 'ஸ்வெட்லி லெஜாக்', அதாவது வெளிர் லாகர்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தது செக்காரரா, ஜெர்மன்காரரா?

ஊர் இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவின் பில்சன், காய்ச்சியவர் இன்றைய ஜெர்மனியில் இருக்கும் பவேரியாவிலிருந்து வந்த யோசெஃப் க்ரோல், முதல் காய்ச்சல் 1842 அக்டோபர் 5. சண்டையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எவ்வளவு ஜில்லென்று குடிக்க வேண்டும்?

7 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜ் 4இல் இருந்தால் வெளியே எடுத்து ஐந்து நிமிஷம் போதும். கிளாஸில் விழும்போது ஓரிரு டிகிரி தானாக ஏறும். 2, 3 டிகிரியில் ஹாப்ஸும் தெரியாது, கோளாறும் தெரியாது. மலிவு பியரை 'ஐஸ் கோல்டு' என்று விற்பதில் ஒரு காரணம் அது.

கேள்வி: கிளாஸை ப்ரீசரில் வைக்கலாமா?

வேண்டாம். சுவரில் படியும் ஐஸ் உருகித் தண்ணீர் கலக்கும். ஐஸ் பொடி நுரையைக் கண்டபடி பொங்கவைக்கும். ப்ரீசரில் இருக்கும் மீன் வாசனையும் சேர்ந்து வரும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, துடைக்காமல், ஈரத்தோடு ஊற்றுங்கள்.

கேள்வி: அண்ணை, ரொறன்ரோவில ஒரு சின்ன ப்ரூவரியின்ர செக் பில்ஸ்னர் குடிச்சுப் பாத்தனான். வெண்ணெய் மணம் வருது. பழுதோ?

அளவைப் பொறுத்தது. அது டைஅசிட்டில். ஈஸ்ட் வேலை செய்யும்போது உண்டாக்கி, கடைசியில் தானே திரும்ப உறிஞ்சிவிட வேண்டிய பொருள். செக் பியரில் மட்டும் இதன் சாயல் கொஞ்சம் இருந்தால் குற்றம் சொல்ல மாட்டார்கள். மால்ட்டுக்கு ஒரு வழவழப்புக் கொடுக்கும். ஆனால் பட்டர் ஸ்காட்ச் மிட்டாய் மாதிரி முன்னால் வந்து நின்றால், அல்லது நாக்கில் எண்ணெய் பூசினது போலிருந்தால் பழுதுதான். பீப்பாயிலிருந்து வந்த பியரா? அப்படியானால் குழாய் அழுக்காகவும் இருக்கலாம், கிருமியும் இதே வாசனையை உண்டாக்கும். போத்தலில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கோ. சிலரின் மூக்குக்கு இது தெரியவே தெரியாது, ஆகவே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தும் கேளுங்கோ.

காய்ச்சுகிறவர்களுக்கு: குளிரவைப்பதற்கு முன்னால் இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்றை மூடி, 60–70 டிகிரி வெந்நீரில் அரைமணி வைத்து, ஆறவைத்து இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால், டைஅசிட்டிலாக மாறக்கூடிய முன்பொருள் இன்னும் பாக்கி. ஈஸ்ட்டை 15–16 டிகிரியில் இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். இரண்டிலும் வரவில்லை என்றால் குளிரவையுங்கள்.

கேள்வி: பியர் குடித்தால் கிட்னி கல் கரையுமா?

டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: பிராகில் அரை லிட்டர் கேட்டால் மேலே மூன்று விரல் நுரை. காசு கொடுத்துக் காற்றைக் குடிக்கவா? பட்டப்பகல் கொள்ளை.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். முதலில் கணக்கு. செக் கிளாஸில் 0.5 என்று ஒரு கோடு இருக்கும், அதற்கு மேலேயும் இடம் இருக்கும். நுரை அடங்கிய பிறகு பியர் கோட்டைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

இனி காரணம். அந்த ஊற்றலுக்கு ஹ்லாடின்கா என்று பெயர். பக்கவாட்டில் திறக்கும் குழாய், மூக்கில் நுண்ணிய சல்லடை. கிளாஸைச் சாய்த்து, மூக்கை உள்ளே விட்டு, குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் ஈர நுரை முதலில் வரும். பிறகு முழுதாகத் திறந்து, நுரைக்கு அடியில் பியரை விடுவார்கள். பியர் காற்றைப் பார்க்காமலே நிரம்புகிறது. மூடி மாதிரி உட்கார்ந்த நுரை வாசனையைப் பிடித்து வைக்கிறது. நுரையாகப் போன வாயு உங்கள் வயிற்றுக்குள் போகாத வாயு.

கேள்வி (அதே நபர்): இதெல்லாம் கடைக்காரன் கட்டின கதை. நிரூபணம் இருக்கா?

இருக்கிறது, உங்கள் வீட்டிலேயே. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு கேன். ஒன்றைச் சுவரோரமாக, நுரையே வராமல் ஊற்றுங்கள். மற்றதில் முக்கால்வாசி சாய்த்து ஊற்றி, கிளாஸை நிமிர்த்தி நடுவில் விட்டு மூன்று விரல் நுரை எழுப்புங்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் குடியுங்கள். முதலாவது நாக்கில் சோடா மாதிரி குத்தும்; அந்தக் குத்தலில் மால்ட் காணாமல் போயிருக்கும்.

கேள்வி (இன்னொருவர்): நான் இப்பவே செஞ்சு பார்த்தேன். நுரையை மட்டும் ஸ்பூனில் எடுத்து நக்கினால் ஒரே கசப்பு. அப்ப அந்த நுரை கிளாஸ் 'ம்லீகோ' இனிப்பா இருக்கும்னு சொல்றது பொய்தானே?

நல்ல கேள்வி, இந்த வரிசையிலேயே நல்ல கேள்வி. ஹாப்ஸின் கசப்புப் பொருள் நுரைப் படலத்தில் போய்ச் சேரும். நின்று, பியர் கீழே வடிந்து, வறண்டுபோன நுரையில் மிஞ்சுவது அதுதான். நீங்கள் நக்கியதும் அதைத்தான். ம்லீகோ என்றால் செக்கில் பால். கிளாஸ் முழுக்க ஈர நுரை, குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, உள்ளே பியர் நிறைய. அது வடிவதற்குள் மூன்று நாலு மடக்கில் குடித்துவிட வேண்டும். ஐந்து நிமிஷம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் கசக்கும். ஹ்லாடின்காவுக்கும் ம்லீகோவுக்கும் நடுவில் ஷ்னிட் என்று ஒன்று: பெரிய கிளாஸில் சின்ன பியர், மேலே நிறைய நுரை.

கேள்வி: நுரைதான் வேணும்னா டீ மாதிரி ஆத்திக் குடிக்கலாமே?

ஆற்றினால் பெரிய குமிழி, வறண்ட நுரை, உள்ளே காற்று. அரைமணியில் தட்டையாகிவிடும். வேண்டாம்.

கேள்வி: எனக்கு நுரை ரெண்டு நிமிஷத்தில் காணாமல் போகிறது. பியர் மோசமா?

கிளாஸ் மோசம். முதலிலேயே சொன்னேன். எண்ணெய்ப் பிசுக்கு நுரைக்கு எமன். காலிக் கிளாஸின் உள்சுவரில் தண்ணீர் ஊற்றிச் சாயுங்கள்: ஒரே தகடாக வழிந்தால் சுத்தம், திட்டுத்திட்டாக நின்றால் பிசுக்கு. பியர் ஊற்றியபின் சுவரில் குமிழி ஒட்டிக்கொண்டு நிற்பதும் அழுக்கின் அடையாளம். பால் குடித்த டம்ளர், சாம்பார்ப் பாத்திரத்தோடு சேர்த்துத் தேய்த்த கிளாஸ், இரண்டும் ஆகாது. தனி ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். மிக்சர் தின்ற உதடும் லிப்ஸ்டிக்கும் இதே வேலையைச் செய்யும்.

நுரைக்கு இத்தோடு கடை மூடியாயிற்று. இன்னும் ஆறு கேள்வி வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் மேலே.

கேள்வி: பெங்களூரில் ஒரு ப்ரூபப்பில் வேலை. டிகாக்‌ஷன் செய்யாமல் செக் பில்ஸ்னர் வருமா?

மற்றவர்களுக்காக: இது காப்பி டிகாக்‌ஷன் இல்லை. ஊறும் மால்ட் கூழில் ஒரு பகுதியை எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றி, மொத்தக் கூழின் சூட்டை ஏற்றுவது. பில்சனில் இதை மூன்று முறை செய்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு முறை போதும். 63 டிகிரியில் 40 நிமிஷம். பிறகு 100 லிட்டர் கூழுக்கு 30 லிட்டர் எடுங்கள், கெட்டியாக. கணக்குப்படி 25 போதும். வழியில் இழக்கும் சூட்டுக்காக 30. தெளிந்த நீரை எடுக்காதீர்கள், என்சைம் அதில்தான் இருக்கிறது, கொதித்தால் செத்துவிடும். எடுத்ததை 72இல் பதினைந்து நிமிஷம் நிறுத்தி, பிறகு கிளறிக்கொண்டே இருபது நிமிஷம் கொதிக்கவிடுங்கள். அடிப்பிடித்தால் முழுக் காய்ச்சலும் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஊற்றி, 72 வந்ததும் நிறுத்துங்கள். மிச்சத்தை ஆறவைத்துச் சேருங்கள்.

முடியாவிட்டால் மெலனாய்டின் என்ற சிறப்பு மால்ட் 3 சதவீதம் சேருங்கள். அதே பியர் ஆகாது, ஆனால் அதனால் யாரும் பியரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். திருப்பி அனுப்பவைப்பது தண்ணீர். பில்சன் தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வாக்கில்தான். போர்வெல் தண்ணீரில் இதைக் காய்ச்சினால் கசப்பு தொண்டையைக் கீறும். ஆர்ஓ தண்ணீரில் தொடங்கி, கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்த்து, லாக்டிக் அமிலத்தால் கூழின் பிஎச்சை 5.4க்குக் கொண்டுவாருங்கள்.

ஹாப்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். சாஸ் ஹாப்ஸில் (ஜாதெட்ஸின் ஜெர்மன் பெயர் சாஸ்) கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 3–4 சதவீதம்தான். 20 லிட்டருக்கு 38 ஐபியூ வர, ஆரம்பத்திலேயே எல்லாம் போட்டாலும் 90 கிராம் வாக்கில் ஆகும். பார்த்துப் பயந்து பாதியாக்குகிறவர்கள் காய்ச்சுவது வேறு பியர். கொதி 90 நிமிஷம், மூடியைத் திறந்து வைத்து. மூடினால் வேகவைத்த சோள வாசனை உள்ளேயே தங்கும்.

கேள்வி: பச்சை பாட்டிலில் வாங்கினேன், ரப்பர் கருகின மாதிரி நாறுது.

வெளிச்சம் பட்டது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து கந்தகச் சேர்மம் ஆகிறது. பச்சைக் கண்ணாடி அதைத் தடுக்காது. வெயிலில் வைத்த கிளாஸிலேயே சில நிமிஷத்தில் நடக்கும். பழுப்பு பாட்டில் அல்லது கேன் வாங்குங்கள், நிழலில் உட்காருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது வேறு: பழசாகிவிட்டது. தேதி பாருங்கள்.

கேள்வி: சைடிஷ் என்ன? சிக்கன் 65 ஓகேவா?

காரமும் கசப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஹாப்ஸ் முரடாகத் தெரியும். ருசி பார்க்க வேண்டுமானால் முதல் கிளாஸ் வெறும் வயிறாக இல்லாமல், காரமில்லாத எதனோடாவது. இரண்டாவதுக்கு உங்கள் இஷ்டம். உதட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையில் வீட்டிலேயே காய்ச்சலாமா?

தமிழ்நாட்டில் சட்டம் இடம் தராது.

கேள்வி: கிளாஸை ப்ரீசரில் ஒரு பத்து நிமிஷம் மட்டும் வைத்தால்?

பத்து நிமிஷமும் வேண்டாம்.