அரசங்கிளையும் 108 மணிகளும்

வணக்கம்.

எங்கள் ஊர்க் குளக்கரை அரச மரத்தில் புயலுக்கு முறிந்த கிளையைக் கடைசல் பட்டறையில் கொடுத்து ஜெபமாலைக்காக 108 மணி கடைந்து வாங்கினேன். மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்துக் கோத்தேன். ஒரே மாதத்தில் பாதி மணி வெடித்துவிட்டது, நூலும் அறுந்தது. புத்தர் ஞானம் பெற்ற மரம் என்பதால் வேறு மரத்துக்கு மனம் வரவில்லை. எங்கே தவறினேன்? ஜெபத்தில் எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வாசகர், நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

பச்சைக் கட்டையை வெயிலில் போட்டால் மேல்பகுதி முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதனால்தான் பிளந்தது. கிளையின் நடுவிலிருக்கும் மெத்தென்ற சோறு மணிக்குள் வந்துவிட்டால் வெடிப்பு இன்னும் நிச்சயம். கிளையை நான்காகப் பிளந்து சோற்றைக் கழியுங்கள். வெட்டுமுனைகளில் மெழுகு தடவி, காற்றாட நிழலில் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே கடைசலுக்குப் போகட்டும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எதுவும் காயாது. தை அறுவடை முடிந்து தொடங்குங்கள்.

சூடாமணி விகாரம் என்ற பழைய பௌத்த மடம் நின்ற ஊரில் இருப்பவருக்கு அரச மரத்தின் மேல் இந்தப் பற்று இயல்புதான். ஆனால் அது மென்மரம், வண்டு எளிதில் துளைக்கும். நேபாளத்தில் போதி விதை என்று விற்கும் மணிகளே அரச மரத்தினுடையவை அல்ல. அவை நம் இலந்தையின் இனம். மாலையைப் பற்றிய பழைய சீன சூத்திரம் ஒன்று 108 பூந்திக்கொட்டைகளைக் கோக்கச் சொல்கிறது. உங்களுக்கு நான் சொல்வது வாய்க்கால் கரைப் பூவரசின் வைரம், அதாவது முற்றிய உள்கட்டை. இழை நெருக்கமானது, வழவழப்பாக வரும்.

இனி துளை. மாலையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. 8 மி.மீ. மணிக்கு 2 மி.மீ. துளை. ஒரே பக்கமிருந்து துளைத்தால் மறுபக்கம் பிசிர் கிளம்பும். அந்தப் பிசிர்தான் உங்கள் நூலை அறுத்திருக்கும். இரு பக்கமிருந்தும் பாதிப் பாதி துளையுங்கள். உப்புத்தாளை ஊசிபோல் சுருட்டி வாய் விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். விரல் நுனியை வைத்தால் எதுவும் உரசக்கூடாது.

108 மணி சேர்ந்தால் 86 செ.மீ. வரும். 1 மி.மீ. பின்னல் நைலான் ஒன்றரை மீட்டர் எடுங்கள்; பருத்தி வியர்வையில் இற்றுப்போகும். இரண்டு மணி அளவு நூல் தளர்ந்திருக்க வேண்டும். இழுத்துக் கட்டினால் மணி நகராது. நூலின் இரு முனையும் மாலையின் தலைமணியான மேரு மணிக்குள் நுழைவதால் அதன் துளை மட்டும் 2.5 மி.மீ. இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசுக்கேறி அழுக்குப் பிடிக்கும்.

மணிகள் ஒரே அளவில் இருப்பது அழகுக்காக அல்ல. பெரிதாக ஒன்று வந்தால் விரல் அங்கே தடுக்கும், மனமும் மந்திரத்தை விட்டு மணிக்குப் போய்விடும்.

எண்ணிக்கைக்காக வருந்த வேண்டாம். திபெத்திய வழக்கில் ஒரு சுற்றை 100 என்றே கணக்கு வைப்பார்கள். மீதி 8 விட்டுப்போனவற்றுக்கு ஈடு. இடது கை ஆள்காட்டி விரல்மேல் மாலையைப் போட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் இழுங்கள். மேரு வந்ததும் தாண்டாமல் மாலையைத் திருப்பிப் பிடித்து வந்த வழியே திரும்புங்கள்.

வெடிக்காத அரச மணிகளை எறிந்துவிடாதீர்கள். 27 தேறினால் மணிக்கட்டு மாலையாகக் கோக்கலாம். நான்கு சுற்றுக்கு 108 ஆகிவிடும்.