அருவிக்கு வராத தண்ணீர்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குடிமங்கலம் பக்கம். அப்பா தென்னை விவசாயி. தோழிகள் எல்லோரும் தனியாகப் பயணம் போய்வந்து எழுதிக்கொண்டே இருந்ததால், மார்ச் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு அதிரப்பள்ளி அருவிக்குத் தனியாகப் போனேன். வால்பாறையில் தங்கி, மளுக்கப்பாறை வழியாக பஸ்ஸில் இறங்கினேன். விடுதியில் “கூட யாரும் வரவில்லையா” என்று மூன்று முறை கேட்டார்கள். காட்டுக்குள் பஸ் பயணம் நன்றாக இருந்தது. அருவியில்தான் தண்ணீர் இல்லை. கரும்பாறையில் இரண்டு மூன்று வெள்ளைக் கோடுகள். படங்களில் பார்த்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏமாற்றத்தில் வரைபடச் செயலியில் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டு சாலக்குடியில் ரயில் ஏறிவிட்டேன். தனியாகப் போனால் மனம் தெளியும், நம்மை நாமே அறியலாம் என்கிறார்கள். எனக்குப் போரடித்தது, அவ்வளவுதான். தனிப்பயணத்துக்கு நான் லாயக்கில்லையா? எப்படித் தயாராக வேண்டும்?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

நான் நின்றுபோனது அந்த இரண்டு நட்சத்திரத்தில். ஓட்டலில் தோசை கருகியிருந்தால் நட்சத்திரத்தைக் குறையுங்கள், நியாயம். ஒரு ஆற்றுக்கு மதிப்பெண் போடும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அதுவும் குடிமங்கலத்துப் பெண்ணுக்கு? கொஞ்ச நாளாக எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீரைத் தவிர வேறு பேச்சில்லை. கடைமடைக்கு வந்து சேரவில்லை, மேலே யாரோ இரவோடு இரவாகக் குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள், இந்தச் சுற்றாவது முழுதாகக் கிடைக்குமா என்று தேநீர்க் கடை முழுக்க இதே புலம்பல். அந்த எரிச்சலில் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. ஆகவே கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். விடுதிக்காரர் மூன்று முறை கேட்டது அநாகரிகம். ஆண் என்றால் ஒருமுறைகூடக் கேட்டிருக்கமாட்டார். அடுத்த முறை அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டுங்கள். பதில் சொல்ல வேண்டாம். போரடித்ததில் குற்றமில்லை, ஊரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போரடிக்கும். இரண்டு நாள் விடுப்பில் தன்னை அறிந்துவிடலாம் என்று யார் சொன்னார்களோ அவர்களிடமே அதைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் அனுபவம் கிடையாது.

இனி அருவி. மார்ச்சில் மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்த ஆறும் மெலிந்துதான் ஓடும். தென்மேற்குப் பருவமழை பிடித்தபிறகு போயிருந்தால், அந்த எண்பது அடிப் பாறையே உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இது எல்லோரும் சொல்லக்கூடிய பதில். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. நீங்கள் பார்த்த அந்த மெலிவு முழுக்க வானத்தின் செயல் இல்லை. அதில் ஒரு பங்கு உங்கள் அப்பாவின் தோப்பில் இருக்கிறது.

அதிரப்பள்ளியில் விழுவது சாலக்குடி ஆறு. பரம்பிக்குளம் ஆறு, சோலையாறு, காரப்பாறை ஆறு என்று மேலே பல ஆறுகள் சேர்ந்துதான் அது உருவாகிறது. பரம்பிக்குளம் அணை நிற்பது கேரளத்துக் காட்டுக்குள். அதை இயக்குவது தமிழ்நாட்டின் நீர்வளத் துறை. மேற்கே இறங்கி சாலக்குடிக்குப் போயிருக்க வேண்டிய நீரை அங்கே தடுத்து, மலையைக் குடைந்து தூணக்கடவு அணைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து இன்னொரு சுரங்கம். அது சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, கான்டூர் கால்வாயாக மலையடிவாரத்தைச் சுற்றி வந்து, திருமூர்த்தி அணையில் சேர்கிறது. அதற்குப் பிறகு அந்த நீர் எங்கே போகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அதன் பெயர் பி.ஏ.பி. தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் என்று முழுப்பெயரை எழுதினால் உங்கள் அப்பாவுக்கே ஒரு கணம் பிடிபடாது.

இரண்டு மாநிலங்களும் 1970-இல் கையெழுத்திட்டு, 1958 முதல் செல்லும் என்று முன்தேதியிட்ட ஒப்பந்தம் அது. சோலையாற்றில் ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி., பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு மணக்கடவில் 7.25 டி.எம்.சி. என்று கேரளத்தின் பங்கை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அளவு குறைந்தது, கூடியது என்று இன்றுவரை சண்டை. சண்டைக்குள் நான் போகவில்லை. அருவிக்கு எவ்வளவு என்று அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை என்பது மட்டும் உறுத்துகிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் 2022 செப்டம்பர் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடு மதகு பிய்த்துக்கொண்டு போனது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் விவசாயிகள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள், தண்ணீர் வீணாகிறது, கடலுக்குப் போகிறது என்று. அந்தத் தண்ணீர் பெரிங்கல்குத்து அணைக்குப் போய், அதன்பிறகு அதிரப்பள்ளியில் விழுந்து, சாலக்குடிக்குப் போனது. அங்கே கரையோர மக்களை எச்சரித்து விழிக்க வைத்திருந்தார்கள். நாம் வீண் என்று சொன்னது அந்த ஆற்றின் பழைய வழி. மதகு உடைந்ததால் கொஞ்ச நாளுக்குத் தன் வழியிலேயே அது போய்க்கொண்டிருந்தது.

இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. நானும் அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்தான். வாய்க்கால் வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் சோளம், கம்பு, கொஞ்சம் நிலக்கடலை. கிணற்றில் ஏற்றம் கட்டி இறைத்தால் மாட்டுக்குக் குடிக்கக் கிடைக்கும், பயிருக்குக் கிடைக்காது. முதல் தண்ணீர் வரும் நாளில் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, எங்களைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்குப் போனார். தண்ணீர் நான் நினைத்ததுபோலப் பாய்ந்து வரவில்லை. வெடித்த மண்ணுக்குள் இறங்கி இறங்கி, சருகையும் முள்ளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நிறைசூலிப் பசுபோல மெல்ல நடந்து வந்தது. அதற்கு முன்னால் ஓணான்களும் தேள்களும் ஓடின. நாங்கள் கூச்சல் போட்டோம். அப்பிச்சி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அதன் முனையோடு கூடவே, எங்கள் எல்லை முடியும்வரை கரையில் நடந்தார். யாரோ, “ஏனுங்க, இது எந்த ஆத்துத் தண்ணிங்க?” என்று கேட்டார்கள். “அது எதுக்கு நமக்கு, வந்துதல்ல” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆயுள் முழுவதும் வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்த மனிதர். ஆனால் அப்பிச்சிக்குப் பொருந்திய பதில் உங்களுக்கும் எனக்கும் பொருந்தாது. அவர் மலையேறிப் போகவில்லை. நீங்கள் போனீர்கள். போனதோடு, தண்ணீர் இல்லை என்று புகாரும் எழுதினீர்கள்!

நீங்கள் போன பாதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை போகும்போது தமிழ்நாட்டுச் சோலையாறு அணை வருகிறது. மளுக்கப்பாறை தாண்டினால் கேரளத்தின் சோலையாறு தேக்கம். அம்பலப்பாறையில் மலைச்சரிவில் இறங்கும் பெரிய இரும்புக் குழாய்களைப் பார்க்காமல் யாரும் அந்தச் சாலையைக் கடக்க முடியாது. அதற்குக் கீழே பெரிங்கல்குத்து. 1957 முதல் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். கோடையில் நீரைத் தேக்கிவைத்து, விளக்குப் போடும் நேரத்தில் மின்தேவை ஏறும்போது விடுவது வழக்கம். அதனால் கீழே ஆறு ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். அருவியை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை. உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் அந்த பஸ் ஜன்னலில்தான் வந்துபோனது, கண்ணு. படத்தில் பார்த்த அருவியையே நினைத்துக்கொண்டிருந்ததால் ஜன்னலில் வந்தது கண்ணில் படவில்லை.

அந்த பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கையில் காடர் பழங்குடிப் பெண் யாராவது உட்கார்ந்திருக்கலாம். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது, உங்களுக்குப் பாதிக்குமேல் புரியும். இந்த ஆற்றின் மேல் எழுந்த அணைகள் அவர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் துரத்திக்கொண்டே வந்தன. வாழச்சால் காட்டில் இருவாட்சிப் பறவைகளின் கூடுகளைக் காவல் காப்பவர்களும் அவர்கள்தான். பேச்சுக் கொடுத்திருந்தால் போரடித்திருக்காது.

வாழச்சாலுக்கு மேலே இன்னும் ஓர் அணை கட்டி, ஆற்றைச் சுரங்கத்தில் திருப்பி, அருவியைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் இறக்கும் 163 மெகாவாட் மின்திட்டம் ஒன்று பல்லாண்டுகளாகப் பேச்சில் இருந்தது. காடர்களும் சாலக்குடிக்காரர்களும் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011-இல் அனுமதிக்கக் கூடாது என்று எழுதியது. அந்த விவாதத்தில் கேரள மின்வாரியம் சொன்ன ஒரு சமாதானம் மறக்கவே முடியாதது. பயணிகள் பார்ப்பதற்கு அருவியில் ஓரளவு நீரை விட்டுவிடுவோம், சுற்றுலாவுக்குக் குறைவராது என்றார்கள். மீன் எப்படி ஏறும், கரைக்காடு என்னவாகும், கீழே தும்பூர்முழியில் பாசனத்துக்கு எப்போது எவ்வளவு வரும் என்பதெல்லாம் பின்னால். முதலில் பார்வையாளர் திருப்தி. அவர்கள் யாரை மனதில் வைத்து அதைச் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? நட்சத்திரம் போடுகிறவரைத்தான். படத்தில் இருப்பதுபோலக் காலை பத்து மணிக்குத் தண்ணீர் விழுந்தால் ஐந்து போட்டுவிட்டுப் போகக்கூடியவரை. அந்த ஆளாக நீங்கள் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு திட்டுகிறேன். மற்றவர்கள் எழுதியிருந்தால் பதிலே போட்டிருக்கமாட்டேன்.

அதற்காக நாளைக்கே வாய்க்காலை மூடச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கிட்டத்தட்ட 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிற தண்ணீர் அது. ஆனால் மானாவாரிக்கும் புன்செய்க்கும் என்று வந்த தண்ணீரை முழுக்கத் தென்னைக்குக் கொடுத்துவிட்டு, போதவில்லை என்று வாய்க்காலை ஒட்டிக் கிணறு வெட்டித் திருடுகிறோமே, அதற்கு என்ன பெயர்? மேலே ஒரு ஆறு எதை விட்டுக்கொடுத்தது என்று தெரிந்தவன் ஒரு மடைத் தண்ணீரைத் திருடுவதற்குமுன் கொஞ்சமாவது தயங்குவான். இதைத் தோப்பில் வைத்து உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

தனிப்பயணத்துக்குத் தயாராவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு தயாரிப்பும் வேண்டாம், மழைக்கு ஒரு குடை போதும். அடுத்த விடுப்பில் பரம்பிக்குளம் போங்கள். கேரளத்துக் காடு என்றாலும் சாலை நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். தூணக்கடவு அணையில் இறங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அங்கே வனத்துறை வண்டியில் கூட்டத்தோடுதான் ஏற்றுவார்கள், தனியாக விடமாட்டார்கள். அதனால் முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கெட் நீங்கள் எடுங்கள்.