கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குக் கவனக்குறைபாடா?

கேள்வி: என் மகனுக்கு வயது 7. தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறான். பாடத்தில் கவனம் இல்லை என்றும், கேள்வி கேட்டால் விழிக்கிறான் என்றும் வகுப்பாசிரியர் சொல்கிறார். வீட்டிலோ தங்கையிடம் ஓயாமல் பேசுகிறான். லெகோ கட்டைகளோடு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். தீபாவளிக்கு உறவினர்கள் வந்தால் அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். பயந்த சுபாவம், வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். பேச்சுப் போட்டியில் சேர்த்துவிட்டால் கூச்சம் தெளிந்துவிடும் என்பது என் கணவரின் எண்ணம். இது கவனக்குறைபாடா? சோதிக்க வேண்டுமா? (வாசகி, செங்காங், சிங்கப்பூர்)

பதில்: கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல இயலாது. ஆயினும் கவனக்குறைபாடு (ADHD) என்று ஒரு மருத்துவர் உறுதிசெய்ய வேண்டுமானால், அதன் அறிகுறிகள் வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். லெகோவை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளும் தமக்குப் பிடித்த விளையாட்டில் நெடுநேரம் மூழ்கியிருப்பார்கள். வீட்டுப்பாடத்தை உட்கார்ந்து முடிக்கிறானா, காலையில் சொன்ன இரண்டு மூன்று வேலைகளை மறக்காமல் செய்கிறானா, பென்சிலையும் தண்ணீர்ப் புட்டியையும் அடிக்கடி தொலைக்கிறானா என்று பாருங்கள். இவற்றிலெல்லாம் குறையில்லை என்றால், வகுப்பறையில் அவன் கவனம் வேறொன்றில் செலவாகிறது என்று கருத இடமுண்டு.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளையும் ஒலிகளையும் காட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கை கால்களை உதைத்து அழுதது. அவ்வாறு அழுத குழந்தைகளில் பலர், நடை பழகிய வயதில் புதிய மனிதர்களிடமும் புதிய இடங்களிலும் ஒதுங்கி நின்றார்கள். ஆக, கூச்ச சுபாவத்தின் வேர் ஓரளவு பிறவியிலேயே இருக்கிறது. உங்கள் வளர்ப்பின் பிழை என்று எண்ணி வருந்த வேண்டாம்.

எனினும் கூச்சமுள்ள எல்லாப் பிள்ளைகளும், அன்றாட வாழ்வைக் குலைக்கும் அளவுக்கு அச்சம் மிகும் பதற்றக் கோளாறுக்கு ஆளாவதில்லை. யார் ஆளாகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் கவனத்தை அளந்து பார்த்தார்கள். கோபமான முகம் ஒன்றும் சாதாரண முகம் ஒன்றும் திரையில் அரை நொடி தோன்றி மறையும். பிறகு ஏதேனும் ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி வரும். அதைக் கண்டதும் பிள்ளை பொத்தானை அழுத்த வேண்டும். கோபமுகம் இருந்த பக்கத்தில் புள்ளி வரும்போது விரைவாக அழுத்தும் பிள்ளையின் கவனம், அச்சுறுத்தலின் பக்கம் முன்கூட்டியே சாய்ந்திருக்கிறது என்று பொருள். சிறு வயதில் கூச்சமாக இருந்து இந்தச் சாய்வையும் கொண்டிருந்த பிள்ளைகளே பின்னாளில் மற்றவர்களிடமிருந்து அதிகம் ஒதுங்கினார்கள். சாய்வு இல்லாதவர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை என்று சில ஆய்வுகள் காட்டின. இச்சோதனை ஒரு தனிப் பிள்ளையைக் கணிக்கும் அளவுக்கு நம்பகமானதன்று. ஆகவே கைப்பேசிச் செயலியால் கவனத்தைத் திருத்தித் தருவதாக யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். முப்பது பேர் வரை இருக்கும் வகுப்பில், அடுத்து ஆசிரியர் என்னைக் கூப்பிடுவாரோ, தவறாகச் சொன்னால் யார் சிரிப்பார்கள் என்று ஒரு பிள்ளை ஓயாமல் காவல் காத்துக்கொண்டிருந்தால், கரும்பலகையில் உள்ள கணக்குக்கு மனத்தில் இடமேது? பார்ப்பவருக்கு அது கவனமின்மையாகத் தெரியும். உண்மையில் அவன் மிகையான கவனத்தோடுதான் இருக்கிறான்.

இன்னொரு கண்டுபிடிப்பு நம் பெற்றோர்களுக்குச் சற்று வியப்பளிக்கும். கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகத் திருப்பும் திறன், கூச்சமுள்ள பிள்ளையைப் பதற்றத்திலிருந்து காக்கிறது. ஆனால் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் திறன் மிகுந்திருந்தால், அதே பிள்ளைக்குப் பதற்றம் கூடுகிறது. அடக்கமான பிள்ளை என்று நாம் மெச்சும் பிள்ளைகளில் சிலர், தம் ஒவ்வோர் அசைவையும் தாமே கண்காணித்துக் களைத்துப்போகிறார்கள். ஆகவே "ஒழுங்காக உட்கார், கவனி" என்று மேலும் இறுக்குவது உங்கள் மகனுக்கு உதவாது.

உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. இச்சுபாவமுள்ள பிள்ளைகளுக்குச் சமூகப் பதற்றக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஏழு மடங்கு என்று பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வின்படி, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது வரவில்லை. கணவர் காட்டும் திசையும் தவறில்லை, அளவுதான் தவறு. அஞ்சுவதை எதிர்கொண்டால்தான் அச்சம் தணியும். ஆனால் முதல் படியே மேடையாக இருந்தால் அச்சம் உறுதிப்படும்.

சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் ரான் ராப்பி குழுவினர், கூச்சமுள்ள பாலர்களின் பெற்றோருக்கு ஆறு அமர்வுகள் மட்டுமே பயிற்சி அளித்தார்கள். அப்பிள்ளைகளுக்குப் பின்னர் பதற்றக் கோளாறுகள் குறைவாகவே வந்தன. அங்கே கற்பித்ததன் சாரம், பிள்ளையை முந்திக்கொண்டு காப்பாற்றாமல் சிறு படிகளில் பழக்குவது. மின்தூக்கியில் அண்டைவீட்டாருக்குக் கையசைக்கட்டும். சில நாள் கழித்து வாய்திறந்து வணக்கம் சொல்லட்டும். அது பழகியதும், உணவங்காடி நிலையத்தில் தனக்கான மைலோவைத் தானே கேட்டு வாங்கட்டும். யாராவது அவனிடம் பெயர் கேட்டால், ஐந்து நொடியாவது பொறுத்திருங்கள். நமக்கு வாய் துறுதுறுக்கும், ஆனால் நாம் சொல்லிவிட்டால் பேசாமலிருந்தால் போதும் என்று அவன் கற்றுக்கொள்வான். தீபாவளிக்குக் கூட்டம் சேருமுன், ஒத்த வயதுள்ள ஒரு பிள்ளையை மட்டும் முன்னதாக வரச் சொல்லுங்கள். "இவன் ரொம்பக் கூச்சப்படுவான்" என்று அவன் காதுபட யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம்.

வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். விடையை முதலில் பக்கத்து மாணவரிடம் சொல்ல விடுவது, என்ன கேட்கப்போகிறார் என்பதை அவனுக்கு முன்பே தெரிவிப்பது ஆகிய இரண்டும் எளியவை. 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் சேரும் தேர்வுகள் இல்லை என்பதால், இதற்கு இப்போது அவகாசமும் இருக்கிறது.

பள்ளி நாள்களின் காலையில் மட்டும் வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். பள்ளி தொடங்கிய முதல் மாதத்தைக் கழித்த பிறகும், ஒரு மாதத்துக்கு மேல் பள்ளியில் அறவே பேசாதிருந்தால், அது தேர்ந்த மௌனம் எனும் கோளாறாக இருக்கலாம். ஆங்கிலம் பழகாத பிள்ளை ஆங்கில வகுப்பில் சில காலம் அமைதியாக இருப்பது இயல்பு. வீட்டில் தமிழில் சரளமாகப் பேசுபவன் தமிழ் வகுப்பிலும் வாய்திறக்கவில்லை என்றால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

முதலில் பள்ளி ஆலோசகரைச் சந்தியுங்கள்; தேவைப்பட்டால் அவர் வழியாக 'ரீச்' எனும் சமூக மனநலக் குழுவை அணுகலாம். பலதுறை மருந்தகத்தில் கடிதம் பெற்று, கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ செல்வது மற்றொரு வழி. செவித்திறனையும் பார்வையையும் முன்பே சோதித்துவிடுங்கள். பதற்றமும் கவனக்குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம் என்பதால், இரண்டையும் மதிப்பிடுமாறு கேளுங்கள். பதற்றம் உறுதியானால் இவ்வயதில் முதலில் தரப்படுவது பெற்றோரையும் உட்படுத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (அச்சமூட்டும் எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்குவது), மருந்து பிறகே. போகும்போது வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பையும், வீட்டில் அவன் இயல்பாகப் பேசி விளையாடும் சிறிய காணொளி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன்னிலையில் அவன் பேசாமலே இருந்துவிடக்கூடும்.