ஒப்பாரி கேட்ட காதுக்கு முதலில் எந்த ஆல்பம்?

கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணன் மகன் போனில் ஒரு பாட்டு அனுப்பினான். பாடுபவர் பெயர் டயமாண்டா கலாஸ். அலறலா பாட்டா என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் எங்கள் ஊர்த் துக்க வீட்டில் மாரடித்து அழும் பெண்களின் குரல் ஞாபகத்துக்கு வந்து, நிறுத்த மனசு வரவில்லை. இவருடைய ஆல்பங்கள் நிறைய இருக்கின்றனவாம். 3,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? வீட்டில் பழைய சிடி பிளேயர் இருக்கிறது. நாங்கள் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. 1955-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர் கலாஸ். கிரேக்கத்தின் மானிப் பகுதியில் செத்தவரைச் சுற்றிப் பெண்கள் பாடும் ஒப்பாரி, இவர் குரலுக்கு ஒரு வேர். அங்கும் ஒப்பாரி அழுகையோடு நிற்பதில்லை. சாவுக்குக் காரணமானவனைப் பேர் சொல்லிக் கேட்கும்.

புதிதாகக் கேட்பவர்களுக்குப் பலரும் சொல்வது, 1992-ல் வந்த 'தி சிங்கர்'. குரலும் பியானோவும், பழைய ப்ளூஸ், தேவாலயப் பாட்டுகள். நல்ல ஆல்பம்தான். ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது 1986-ன் 'தி டிவைன் பனிஷ்மென்ட்'. அதன் வரிகளில் பெரும்பகுதி விவிலியம். எய்ட்ஸ் நோயாளிகளை ஊரும் சபையும் தள்ளி வைத்த காலம் அது. இவருடைய சகோதரரும் அந்த நோயால் அதே ஆண்டு இறந்தார். யார் தீட்டு, எதைத் தொட்டால் தீட்டு என்று சொல்லும் லேவியர் 15-ஆம் அதிகாரத்தைக் குற்றம் சாட்டுகிறவனின் குரலில் வாசிக்கிறார். பிறகு திருப்பாடல் 88, புலம்பல் நூல் என்று ஒதுக்கப்பட்டவன் பக்கம் வந்து நிற்கிறார். தமிழ் விவிலியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆங்கிலம் தடையாகவே இருக்காது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கடைசிப் பாட்டில் 'நானே அந்திக்கிறிஸ்து', அதாவது கிறிஸ்துவின் எதிரி நானே என்று இத்தாலிய மொழியில் பாடுவார். பழி சுமத்தப்பட்டவன் அந்தப் பழியையே தன் பெயராக ஏற்கும் இடம் அது. வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகும் என்றால் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படி வாங்குவது? கலாஸின் சொந்த நிறுவனம் இன்ட்ராவீனல் சவுண்ட் ஆபரேஷன்ஸ் இந்த ஆல்பத்தை மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறது. பேண்ட்கேம்ப் தளத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு டிஜிட்டலாக வாங்கலாம். தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) கோப்பாக இறக்கி, தெரிந்த கம்ப்யூட்டர் கடையில் ஆடியோ சிடியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எம்பி3-யை டேட்டாவாக எழுதினால் பழைய பிளேயர் பல நேரம் படிக்காது. பணம் டாலரில் போகும் என்பதால், டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் முதலில் திறந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, தருவிக்கும் ஆசை இப்போது வேண்டாம். தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் உங்கள் 3,000 ஒரே தட்டில் கரைந்துவிடும். அதைப் போட பிளேயரும் இல்லை.

பழைய சிடி கிடைத்தால் ஓர் எச்சரிக்கை. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் பிடிஓ ஆலையில் அச்சான சிடிகள் பல, பூச்சுக் கோளாறால் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறிப் பாடாமல் போய்விடுகின்றன. 1991-ல் வந்த 'பிளேக் மாஸ்', பிறகு 'தி சிங்கர்', இரண்டும் அந்தக் காலத்தவை. எல்லாப் பிரதியும் அந்த ஆலையில் அச்சானதல்ல. ஆனாலும் தட்டின் பளபளப்புப் பக்கத்தையும், நடு வளையத்தில் உள்ள சிறு எழுத்துகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அனுப்ப மறுக்கும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

'பிளேக் மாஸ்' 1990 அக்டோபரில் நியூயார்க் கதீட்ரல் ஒன்றில் மேடையில் பதிவானது. நோய், பலி, சாபம் எல்லாம் உச்சத்தில் இருக்கும். அதை இரண்டாவதாக வாங்காதீர்கள். 'ஷ்ரை எக்ஸ்' இன்னும் தள்ளி. முழுக்க முழுக்க அலறல்.

மீதிப் பணத்துக்கு என் தேர்வு 2003-ன் 'டெஃபிக்ஸியோனெஸ்'. 1914 முதல் 1923 வரை துருக்கி மண்ணில் கொல்லப்பட்ட அர்மீனியர், கிரேக்கர், அசிரியர்களுக்கான இரண்டு தட்டுப் புலம்பல். இலங்கையிலிருந்து மண்டபம் அகதி முகாமுக்குப் படகில் வந்திறங்கியவர்களின் வாயால் கதை கேட்ட ஊர்க்காரர் நீங்கள். இது யாரைப் பற்றியது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.