உத்தரவில் தண்ணீர் இருக்காது

கேள்வி: ஐயா, கச்சேரிக் குழுவில் வாசித்த ஒருவரிடம் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கினேன். பின்னால் ஐந்து துளை உள்ள வட்டமான சாக்கெட் இரண்டு இருக்கின்றன. கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மிடி யுஎஸ்பி கேபிள் வாங்கி, இன் என்று போட்டிருப்பதை இன்னிலும் அவுட் என்பதை அவுட்டிலும் சொருகினேன். கம்ப்யூட்டரில் சத்தமே இல்லை. கீபோர்டு பழுதா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: பழுதாக இருக்காது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள். கும்பகோணத்தில் என் வீட்டுக் கூடத்தில் நானும் இதற்காக ஒரு ராத்திரி முழுக்க கீபோர்டைக் கழற்றிப் பாய்மேல் பரப்பி வைத்தவன்தான். காலையில் திரும்ப மாட்டியபோது நான்கு திருகு மிச்சம். கடைசியில் கேபிளை மாற்றிச் சொருகியதும் வேலை செய்தது.

கீபோர்டின் அவுட்டில் வருவது கேபிளின் இன்னுக்குள் போக வேண்டும். ஒருவர் சொன்னால் மற்றவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேபிள் செய்பவர்களில் சிலர், எந்த சாக்கெட்டில் சொருகுவது என்பதை முனையில் அச்சடிக்கிறார்கள். சிலர் அந்த முனை என்ன வேலை செய்யும் என்பதை அச்சடிக்கிறார்கள். அதனால் எழுத்தை நம்பாமல் இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எதுவும் எரிந்துவிடாது.

சரி, மாற்றிய பிறகும் சத்தம் வராமல் போகலாம். ஏனென்றால் மிடி என்பது வாத்தியமும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாஷை, அதன் வழியாகச் சத்தம் போவதே இல்லை. மேட்டூரை ஜூன் 12 அன்று திறக்கச் சொல்லி உத்தரவு போகிறதே, அந்தத் தாளைப் பிழிந்தால் ஒரு சொட்டு வருமா? அதுபோலத்தான். எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக, எப்போது விட்டீர்கள் என்பது மட்டும் 0 முதல் 127 வரையிலான எண்களாகப் போகும். நடு ஸி கட்டைக்கு எண் 60. தண்ணீர் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கி, ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மிடி இன்புட்டில் உங்கள் கேபிளின் பெயரை டிக் செய்யுங்கள்.

பழைய கீபோர்டு என்று வருத்தப்பட வேண்டாம். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த கண்காட்சியில், போட்டிக் கம்பெனிகளின் இரண்டு சிந்தசைசர்களை, ப்ராஃபெட் 600, ஜுபிடர் 6, இந்த ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். அன்று பேசிய பாஷையை இன்றைய லேப்டாப்பும் புரிந்துகொள்கிறது. என் மொபைல் சார்ஜருக்கு அந்த ஆயுள் இல்லை.

கேள்வி: கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் சத்தம் வருகிறது. நல்ல கேபிள் வாங்கலாமா? (பாபநாசம் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா, காசை மிச்சம் பிடியுங்கள். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு கட்டையின் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் போதும். தாமதம் கம்ப்யூட்டரின் பஃபரில், அதாவது சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்துவைத்து வெளியே விடும் இடத்தில். ஆடியோ செட்டிங்கில் அதன் அளவு 1024 என்று இருந்தால் அங்கேயே 23 மில்லி செகண்ட் போய்விடும். 256 ஆக்கினால் ஆறுக்குள் வரும். விண்டோஸ் என்றால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். படபடவென்று சத்தம் உடைந்தால் பஃபரை ஒரு படி ஏற்றுங்கள்.

கேள்வி: கீபோர்டில் கமகம் வருமா? (திருவாரூர் வாசகர்)

பதில்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்ட மண்ணில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், கொஞ்சம் பயந்துதான் சொல்கிறேன். அந்த நாதஸ்வரம் வராது. ஆனால் ஸ்வரத்தை மேலும் கீழும் இழுக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் பெரும்பாலான கீபோர்டுகளில் மேலே இரண்டு கட்டை, கீழே இரண்டு கட்டை போகும், கறுப்பையும் சேர்த்து எண்ணினால். தோடியின் காந்தாரத்தை அழுத்திச் சக்கரத்தை அசைத்தால் கீழே ரிஷபம், மேலே மத்யமம், இரண்டையும் சரியாகத் தொடலாம். இடையில் 16,384 படிகள் இருப்பதால் குழைவு கிடைக்கும்.

ஒரு தொல்லை: சக்கரம் அந்த சேனல் முழுவதையும் இழுக்கும். இடது கையில் பிடித்த ஷட்ஜமும் சேர்ந்து ஆடிவிடும், கேட்கச் சகிக்காது. மிடியில் 16 சேனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், இருக்கின்றன. கீபோர்டை இரண்டாகப் பிரித்து, ராகத்தை முதல் சேனலிலும் சுருதியை இரண்டாவது சேனலிலும் வையுங்கள்.