பட்டன் மட்டும் சொல்லித்தந்தால் போதாது: கல்லூரி நூலக வகுப்பு பற்றி உங்கள் கேள்விகள்

கல்லூரி நூலகங்களில் தகவல் எழுத்தறிவு (தகவலைத் தேடி, சரிபார்த்து, பயன்படுத்தும் திறன்) வகுப்பு எடுப்பவர்களும், அந்த வகுப்பில் உட்காரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உண்டு. நூலக வகுப்பில் எக்ஸெல்லையும் சேர்க்கலாம் என்று கேட்டேன், "அது உங்கள் வேலையா?" என்றார்கள். என்ன பதில் சொல்வது? (நூலகர், கலைக் கல்லூரி)

நம் வேலைதான் என்று சொல்லுங்கள். லேப்பில் ஃபார்முலாவும் சார்ட்டும் சொல்லித்தருவார்கள், நல்லது. ஆனால் கட்டத்துக்குள் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது, வருகிற வழியில் அதற்கு என்ன ஆனது என்று கேட்கும் பழக்கம் அங்கே வருவதில்லை, அதற்கு நேரமும் இல்லை.

2020 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் சேராமல் போனார்கள். பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த தகவலைப் பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் ஏற்றியதுதான் காரணம். அந்த வடிவம் 65,536 வரிசை வரைதான் தாங்கும், அதற்கு மேல் வந்தது விழுந்துவிட்டது. சோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை தாமதமானது. இதைக் கருவி தெரியாத பிழை என்பதா, தகவலைச் சரிபார்க்காத பிழை என்பதா? இரண்டும்தான், பிரிக்கவே முடியாது. உங்கள் முதல்வரிடம் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.

வகுப்பில் காட்ட இவ்வளவு பெரிய உதாரணம்கூட வேண்டாம், நூலகத்திலேயே இருக்கிறது. பத்துப் புத்தகங்களின் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்களை (ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய அடையாள எண்) மாணவர்களையே எக்ஸெல்லில் அடிக்கச் சொல்லுங்கள். கட்டம் குறுகலாக இருந்தால் எண் 9.78ஈ+12 (ஈ என்பது ஆங்கில எழுத்து) என்று சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து, மூடி, மறுபடி திறக்கச் சொல்லுங்கள். பத்துப் புத்தகத்துக்கும் ஒரே எண் இருக்கும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அதற்கப்புறம் யாரும் மறக்க மாட்டார்கள். அதோடு, திரையில் தெரிவதும் கோப்பில் இருப்பதும் ஒன்றல்ல என்பது புரிந்துவிடும். எனக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: வருஷத்துக்கு ஒரே ஒரு மணி நேரம், ஓரியன்டேஷன் அன்றைக்குத் தருகிறார்கள். அதில் எதைச் சொல்வது, எதை விடுவது?

நூலகத்தைச் சுற்றிக்காட்டுவதை விடுங்கள். விதிமுறைகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு வேலை வையுங்கள்: வாட்ஸ்அப்பில் சுற்றும், "ஆய்வு ஒன்று சொல்கிறது" என்று தொடங்கும் ஏதாவது ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அந்த ஆய்வு உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்த ஓர் ஆய்வு உண்டு. 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 இளநிலை மாணவர்கள் ஆகியோருக்கு ஒரே இணையப் பக்கங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று பார்க்கச் சொன்னார்கள். பேராசிரியர்கள் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே நின்று, லோகோ, முகவரி, எழுத்து நடை என்று மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே பக்கத்தை விட்டு வெளியே வந்து, புதிய டேப்களைத் திறந்து, மற்றவர்கள் இந்த அமைப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள்.

உங்கள் ஒரு மணி நேரமும் இதற்குத்தான். புதிய டேப் திறப்பது, பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது, தேடலை ஒரே தளத்துக்குள் அடக்குவது என மூன்று கைவேலை போதும். எதற்காகச் செய்கிறோம் என்பது தெரிந்தே செய்வதால் மூன்றும் கையில் நிற்கும். அதையே தனித்தனி "டிப்ஸ்" என்று வரிசையாகச் சொன்னால் ஒன்றுகூட மனதில் தங்காது.

கேள்வி: மாணவர்களில் பாதிப் பேரிடம் லேப்டாப் இல்லை, போன்தான். எப்படி வகுப்பு எடுப்பது?

போனிலேயே எடுங்கள். லேப்டாப் வரட்டும் என்று காத்திருந்தால் மூன்று வருஷமும் போய்விடும். போனில் முதல் தடங்கல் தேடலில் வராது, தேடிக் கிடைத்ததை வைத்துக்கொள்வதில்தான் வரும். பி.டி.எஃப். இறங்கிவிடும், எங்கே இறங்கியது என்று தெரியாது, மறுபடி தேடி மறுபடி இறக்குவார்கள். அதனால் முதல் பாடமாகக் கோப்புகள் செயலியைத் திறந்து, இறங்கிய கோப்பைக் கண்டுபிடித்து, ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பில் இரண்டு சொல் என்று பெயர் மாற்றி, கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள். பெயர் மாற்றுவதற்கு அந்தக் கட்டுரையின் ஆசிரியர் யார், எந்த ஆண்டு என்று பார்த்தே ஆக வேண்டுமல்லவா? மூலத்தைக் கவனிக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மேற்கோள் பட்டியல் தயாரிக்க சோட்டீரோபிப் இணையதளம் போன் பிரௌசரிலேயே வேலை செய்யும், கணக்குகூடத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: நான் எம்.ஏ. தமிழ். ஆங்கிலத்தில் தேடும் தோழிகளுக்கு எல்லாம் கிடைக்கிறது, நான் தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை. தமிழில் எதுவும் இணையத்தில் இல்லையா?

நிறைய இருக்கிறது. தேடுகிற வழி வேறு, அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்து நடத்தும் நூலக வகுப்புகளில் இந்தப் பகுதி விட்டுப்போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எழுத்துரு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சான ஆய்வேடுகளும் இதழ்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். பாமினியில் "தமிழ்" என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கிலம். சோதிப்பது சுலபம்: அந்த பி.டி.எஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் பழைய எழுத்துரு, எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுக்க வேண்டும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ஆனால் மாறி வந்த எழுத்தை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகமென்றால் பழைய "னை", "லை", "றா" வடிவங்களில் தடுமாறும், துணைக்காலும் "ர"வும் குழம்பும். பக்கப் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டே தீர வேண்டும்.

அடுத்தது வேற்றுமை உருபு. "நூலகம்" என்று மட்டும் தேடினால் "நூலகத்தில்", "நூலகத்தின்" எல்லாம் விட்டுப்போகலாம். நட்சத்திரக் குறியை (அதன் பின் எந்த எழுத்து வந்தாலும் சேர்த்துக்கொள் என்று பொருள்) ஏற்கும் நூலகப் பட்டியலாக இருந்தால் "நூலக" என்று வெட்டி நட்சத்திரம் போடுங்கள். எல்லாச் சொல்லுக்கும் இது ஒத்துவராது. "நாடு", "நாட்டில்" இரண்டும் வேண்டுமென்று "நாட" என்று வெட்டினால் நாடகங்கள் எல்லாம் சேர்ந்து வந்து குவியும். அங்கே இரண்டு வடிவத்தையும் தனித்தனியாகக் கொடுத்து, நடுவில், இரண்டில் எது இருந்தாலும் காட்டு என்னும் "அல்லது" கட்டளை போட வேண்டும். எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்க இலக்கணம் தெரிய வேண்டும், அது தமிழ் மாணவியான உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெயர்களும் அப்படித்தான். உ.வே. சாமிநாதையர் ஒருவரே சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. என்று பல விதமாகப் பதிவாகியிருப்பார், முதலெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும். தேடுவதற்கு முன் பெயரின் எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்ற வெளிநாட்டுப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் இருக்கும், அவர்கள் முறையில் "ச" என்பது ஆங்கில "சி" எழுத்து, "எஸ்" அல்ல. சிலப்பதிகாரத்தை "எஸ்" போட்டுத் தேடிவிட்டு அங்கே பிரதியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்கே தேடுவது? ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தட்டச்சான இலக்கிய மூலங்களுக்கு மதுரைத் திட்டமும் விக்கிமூலமும், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் தளம். அரிய அச்சு நூல் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: மாணவர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்டு மேற்கோள் பட்டியல் கொண்டுவருகிறார்கள். தடை செய்துவிடலாமா? (உதவிப் பேராசிரியர்)

தடை போட்டால் மறைத்துச் செய்வார்கள். வகுப்பிலேயே செய்ய வைத்து, கிடைத்த பட்டியலை வரி வரியாகச் சரிபார்க்க வைப்பதுதான் என் வழி. தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் தேட வேண்டும், டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்கு உரிய நிரந்தர அடையாள எண்) இருந்தால் அதன் தளத்தில் போட்டுத் திறக்க வேண்டும். திறந்ததோடு நிறுத்தக் கூடாது, வந்த கட்டுரை அதே கட்டுரைதானா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் எண் உண்மையானதாக இருந்தும் சம்பந்தமில்லாத வேறு கட்டுரைக்குப் போகலாம். ஆசிரியர் இருப்பார், இதழ் இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. இந்த வகைப் பொய் முன்பு மாணவர்கள் பார்த்திராதது.

தமிழ் வகுப்பென்றால் சங்கப் பாடல் கேட்கச் சொல்லுங்கள். குறுந்தொகை 450 என்று எண் வந்தால் அப்படி ஒரு பாட்டே கிடையாது. எண் சரியாக இருந்தாலும் அடிகளை மதுரைத் திட்டத்தின் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இது படிப்போடு போகும் விஷயமல்ல என்பதற்கு, 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விழுந்ததைச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்புகள் சாட்ஜிபிடி கொடுத்தவை.

கேள்வி: மூலங்களைச் சேமித்து மேற்கோள் பட்டியல் தயாரிக்க எந்த மென்பொருள் நல்லது, சோட்டீரோவா, மெண்டலேவா?

சோட்டீரோ. திறந்த மூல மென்பொருள், ஒரு பதிப்பக நிறுவனத்தின் கையில் இல்லை (மெண்டலேவை 2013இல் எல்செவியர் வாங்கிவிட்டது). நீங்கள் சேமித்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் சிவப்புக் கோட்டில் எச்சரிக்கையும் காட்டும், வகுப்பில் அதை ஒரு முறை காட்டினாலே நல்ல விவாதம் வரும்.

கேள்வி: என் ஆய்வேட்டுக்கு, மற்ற மூலங்களோடு ஒத்துப்போகும் பகுதியைக் காட்டும் ஒப்புமை 9 சதவீதம் வந்திருக்கிறது. 10க்குள் இருப்பதால் பிரச்சினை இல்லைதானே?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. ஆனால் அந்த 9 எங்கே இருக்கிறது என்று அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஐம்பது இடங்களில் துண்டு துண்டாக வந்த பொதுவான சொற்றொடர்கள் என்றால் கவலை வேண்டாம். முடிவுரையில் ஒரே மூலத்திலிருந்து இரண்டு பக்கம் என்றால், சதவீதம் என்னவாக இருந்தாலும் அது அடுத்தவர் உழைப்பு. நெறியாளர் கேட்பதற்கு முன் நீங்களே மாற்றி எழுதி, மூலத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது? இப்போது இருபது கொள்குறி வினா வைக்கிறோம், எல்லோரும் பதினெட்டு வாங்குகிறார்கள், ஆனால் அசைன்மென்ட்டில் ஒன்றும் தெரியவில்லை.

"பூலியன் தேடலில் (சொற்களை "மற்றும்", "அல்லது" போன்ற கட்டளைகளால் இணைத்துத் தேடுவதில்) உள்ள கட்டளைகள் யாவை" என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். அமெரிக்கக் கல்லூரி நூலகங்களின் சங்கமான ஏசிஆர்எல் 2000இல் வெளியிட்ட தரநிலைகள் இப்படி டிக் அடிக்கும் பட்டியலாகவே பலரால் பயன்படுத்தப்பட்டன. 2016இல் அதை விலக்கிக்கொண்டு, ஆறு கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்றார்கள். அதில் ஒன்று, தேடல் என்பது உத்தியோடு செய்யும் துருவல் என்பது. அந்த உத்தியைத்தான் சோதிக்க வேண்டும்.

ஆளுக்கு அரைப் பக்கம் தேடல் குறிப்பு கேளுங்கள். முதலில் எந்தச் சொல்லைப் போட்டேன், என்ன வந்தது, ஏன் போதவில்லை, அடுத்து எதை மாற்றினேன், கடைசியில் வைத்துக்கொண்ட மூன்று மூலங்கள் எவை, கிடைத்தும் ஒதுக்கிய ஒரு மூலம் எது, ஏன் ஒதுக்கினேன். பத்து மதிப்பெண் என்றால் ஆறு மதிப்பெண்ணை "ஏன்" என்ற இரண்டு கேள்விக்கும் ஒதுக்குங்கள். தோற்றுப்போன தேடலை மறைக்காமல் எழுதியவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாக் குறிப்பிலும் முதல் தேடலிலேயே எல்லாம் கிடைத்ததாக எழுதிவிடுவார்கள். குறிப்போடு தேடல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் இணைக்கச் சொன்னால், அடுத்தவரின் குறிப்பைப் பார்த்து எழுதுவதும் குறையும். அறுபது பேர் வகுப்பென்றால் துறைப் பேராசிரியரோடு பேசி, அசைன்மென்ட்டோடு சேர்த்தே இதை வாங்குங்கள், தாள்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துத் திருத்திக்கொள்ளலாம்.